கண்ணாடி முன் மறைக்காதே



கொல்லம் 1008, மாசி மாதம். திருச்செந்தூர்க் கடலுக்குள் போன மகனைக் காணாமல் தாய் வெயிலாள் கரையில் நின்று கதறினார். ஊரார் என்ன நினைப்பார்களோ என்று அழுகையை அடக்கவில்லை. அந்தக் கரையில்தான் மாசி 20 அன்று அய்யா வைகுண்டர் எழுந்தருளினார்.

மணலி, எண்ணூர்ப் பக்கம் ஷிப்ட் முடித்து வரும் நம்மவர்களைப் பாருங்கள். கடனோ, பிள்ளையின் நோயோ, போன வேலையோ, எதையும் வாய்திறந்து சொல்வதில்லை. "ஆம்பிளை அழலாமா?" என்று விழுங்குகிறார்கள். விழுங்கிய துக்கம் செரிக்காது. குடியாகவும், பெண்டாட்டி பிள்ளைகள் மேல் கோபமாகவும் வெளியே வரும்.

மணலி புதுநகர்ப் பதியானாலும் சாமித்தோப்பானாலும் பள்ளியறையில் சிலை இல்லை; கண்ணாடிதான். அதற்கு முன்னால் பொய்முகம் நிற்காது. கலங்கிய கண்ணைக் காட்டுகிற அதே கண்ணாடி, தலையில் கட்டிய தலைப்பாகையையும் காட்டுகிறது. தலைப்பாகை கட்டக்கூடாது என்று தாழ்த்தி வைக்கப்பட்ட மக்களை, அதைக் கட்டிக்கொண்டே வணங்கச் சொன்னவர் அய்யா. அழுவதால் அது அவிழ்ந்துவிடாது. அய்யாவிடம் அழுகிறவன் தாழ்ந்தவன் அல்ல. தன் பாரத்தை இறக்கத் தெரிந்தவன்.

இன்று உகப்படிப்பு முடிந்ததும் ஒரு நிமிடம் கண்ணாடி முன் நில்லுங்கள். உள்ளதை உள்ளபடி அய்யாவிடம் சொல்லுங்கள். திருநாமம் இட்டு வீடு திரும்பியதும், அதையே வீட்டில் உள்ளவரிடமும் சொல்லுங்கள். பதியில் உண்மை சொன்ன வாய் வாசலைத் தாண்டியதும் மூடலாமா? சொன்ன அன்றே கடன் தீராது. ஆனால் சுமக்க இன்னொரு தோள் கிடைக்கும்.

அய்யா துணை.