எடுக்காதவருக்கும் பதில் உண்டு

சென்னையில் சிறு நாடகக் குழு நடத்துபவர்களுக்கு இல்லாமை பழகிப்போன ஒன்று. ஒத்திகைக்கு இடம் கிடைக்காது, நடிகருக்குச் சம்பளம் கிடையாது, அரங்க வாடகை தேறினாலே பெரிது. ஆனால் யார் மேடையேறுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் மட்டும் அவர்கள் கையில் இருக்கிறது. வேறெதிலும் அதிகாரம் இல்லாதவருக்குக் கிடைத்த அதிகாரம் என்பதால் அதை அஞ்சிக் கையாள வேண்டும்.

பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, ஏதோ ஒரு வகுப்பறையில் நடிகர் தேர்வு நடக்கும். குரல் கேட்கட்டும் என்று மின்விசிறியை நிறுத்தியிருப்பார்கள். வருபவர்களில் பலர் வாரம் முழுக்க வேறு வேலை பார்ப்பவர்கள். ஒரு பக்க வசனத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால், முதல் தடவை வெளிப்படுவது பதற்றம்தான். விவரம் தெரிந்த இயக்குநர் அதை வைத்து ஆளை எடைபோட மாட்டார். "இதையே கடன் கேட்டு வந்த அண்ணனிடம் சொல்ற மாதிரி சொல்லுங்க" என்று நிலைமையை மாற்றி மறுபடி வாசிக்க விடுவார். சொன்னதைக் காதில் வாங்குகிறவரா என்பது அப்போது தெரிந்துவிடும். எதிரில் இன்னொருவர் பேசும்போது இவர் என்ன செய்கிறார் என்பது அதைவிட முக்கியம். தன் வரி எப்போது வரும் என்று தாளிலேயே கண்ணாக இருப்பவர் எவ்வளவு கணீரென்று பேசினாலும் ஒத்திகையில் மற்றவர்களைப் பாடாய்ப்படுத்துவார்.

தேர்ந்தெடுக்கும் கலையைப் பழகிக்கொள்ளலாம். வேண்டாம் என்று சொல்வதில்தான் நாம் தோற்றுப்போகிறோம்.

பழைய நாடகக் கம்பெனிகள் அதை எப்படிச் செய்தன என்று பார்க்கலாம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். பின்னாளில் நாடகத்தில் புகழ்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தது அங்கேதான். சிறுவர்களே நடித்த இத்தகைய பாய்ஸ் கம்பெனிகளில் நடிப்புக்கு முன்னால் பாட்டு. பாடத் தெரிந்த பையனுக்கு இடமும் சோறும் உண்டு. மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால், நேற்றுவரை கைதட்டல் வாங்கியவன் சின்ன வேடத்துக்குத் தள்ளப்படுவான். இரக்கமற்ற ஏற்பாடுதான், ஆனால் அதில் ஒளிவுமறைவு இல்லை. ஏன் தள்ளப்பட்டோம் என்று அவனுக்கே தெரியும்.

இன்று அந்தக் கொடுமை இல்லை, மழுப்பல் இருக்கிறது. "சொல்லி அனுப்புறோம்" என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவைக்கிறோம். யாரும் சொல்லி அனுப்புவதில்லை. நடித்துக் காட்டிப் போனவர் இரண்டு வாரம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒத்திகை இருக்குமோ என்று அலுவலகத்தில் ஷிப்ட் மாற்றிக் கேட்டிருப்பார். வேறொரு குழு கூப்பிட்டதைத் தள்ளிப்போட்டிருப்பார். கடைசியில் நாடக அறிவிப்பில் இன்னொருவர் பெயரைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். நாகரிகம் என்று நாம் நினைத்தது, ஒரு நிமிடச் சங்கடத்திலிருந்து நம்மைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி மட்டுமே.

ஆளைத் தேர்ந்தெடுக்க வள்ளுவர் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று இரண்டு அதிகாரம் எழுதினார். அதே அரசியல் என்ற இயலில், சற்றுத் தள்ளி, பிறர் அஞ்சும்படி நடக்காதிருக்கும் வெருவந்த செய்யாமையையும் இரக்கம் காட்டும் கண்ணோட்டத்தையும் அடுத்தடுத்து வைத்தார். கண்ணோட்டத்தை அவர் இல்லறத்தில் சேர்க்காமல் ஆள்பவரிடம் கேட்டது யோசிக்கத்தக்கது. பத்து நிமிடமே ஆனாலும், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர் அந்த நேரத்துக்கு ஆள்பவர்தான்.

ஆகவே முடிவானதும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். "இந்தப் பாத்திரத்துக்கு வேறொருவரை எடுத்திருக்கிறோம். நேரம் ஒதுக்கி வந்ததற்கு நன்றி" என்றால் போதும். அவர் கேட்காமல் நடிப்பைப் பற்றி விளக்கவுரை வேண்டாம். நிறத்தைப் பற்றி, உடம்பைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்; கேட்டாலும் வேண்டாம். அடுத்த நாடகத்துக்குக் கூப்பிடும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால் மட்டும் அதைச் சொல்லலாம். பெண்கள் வரும்போது அறையில் இன்னொரு பெண் இருப்பதும் கதவு திறந்திருப்பதும் கருணையில் சேர்த்தி அல்ல, அடிப்படை ஒழுங்கு.

இன்னொன்று, இதைவிடக் கனமானது. முக்கியப் பாத்திரத்தை நண்பருக்கு முன்பே பேசி முடித்துவிட்டு, ஊருக்காகத் தேர்வு நடத்தும் வழக்கம் உண்டு. நண்பரை நடிக்க வைப்பதில் குற்றமில்லை. கூடிப் பழகியவர்களால்தான் சிறு குழுக்கள் உயிரோடு இருக்கின்றன. ஆனால் தாம்பரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர், இல்லாத ஒரு வேடத்துக்காகக் குரலைத் தட்டியெழுப்பி அழுது காட்டிவிட்டுப் போகிறார். அந்த அழுகையைப் பார்த்துக் குறிப்பெடுப்பதாகப் பாவனை செய்கிறவர் அங்கே நடிகரை ஏமாற்றுகிறார். நண்பருக்குத்தான் என்றால் அதை அறிவிப்பிலேயே எழுதிவிடலாம்: இந்தப் பாத்திரத்துக்கு ஆள் இருக்கிறார், மற்றவற்றுக்கு வாருங்கள்.