பொன்வட்டிலின் கனம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நிறைந்த வாழ்வை விரும்பாதார் ஒருவரும் இலர். ஆனால் எவ்வளவு வந்தால் நிறையும் என்று வினவினால், ‘இன்னும் சிறிது’ என்பதே பெரும்பாலோரின் விடையாக இருக்கும். வணிகவியல் பயின்று, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வங்கியில் பிறர் பணத்தை எண்ணிக் கொடுத்த அடியேனுக்கு ஒன்று தோன்றுகிறது. அந்த ‘இன்னும் சிறிது’ பேராசையிலிருந்து பிறப்பது குறைவு. அன்பிலிருந்தும் அச்சத்திலிருந்தும் பிறப்பதே மிகுதி. கண்புரை சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிட்டு வைப்புத்தொகையைப் புதுப்பித்துச் செல்லும் முதியவர்கள், ‘பிள்ளைகளுக்கு இருக்கட்டும்’ என்பார்கள். அப்பிள்ளைகளோ நல்ல நிலையில் இருப்பார்கள். இதைப் பேராசை என்று பழிக்க மனம் வாராது. நிறைவு என்று போற்றவும் இயலாது.

அன்பின் பெயரால் சேர்த்துவைப்பதும் சுமையாகுமோ? இவ்வினாவுக்குக் கூரத்தாழ்வானின் சரிதம் தெளிவான விடை தருகிறது.

காஞ்சியை அடுத்த கூரத்தில் பெருஞ்செல்வராய் விளங்கியவர் ஆழ்வான். அவருடைய திருமாளிகையில் பகல் முழுவதும் அன்னதானம் நடைபெறும். இரவில் கதவை மூடும் ஓசை காஞ்சியில் பெருந்தேவித் தாயாரின் திருச்செவி வரை எட்டியது என்று குருபரம்பரை கூறும். அச்செய்தியைக் கேட்ட வேறொருவர் தம் கொடையின் பெருமையை எண்ணி மகிழ்ந்திருப்பார். ஆழ்வானோ நாணினார். தாம் செய்யும் தானத்துக்கும் ஓர் ஓசை உண்டாகிவிட்டதே என்று வருந்தி, அனைத்தையும் துறந்து, எம்பெருமானார் எழுந்தருளியிருந்த திருவரங்கத்துக்கு நடந்தே புறப்பட்டார்.

உடன் சென்றவர் தேவியாரான ஆண்டாள். இருள் சூழ்ந்த காட்டுவழியில் அவர், வழியில் பயம் ஏதும் உண்டோ என்று கேட்டார். மடியில் கனமிருந்தாலன்றோ பயம் என்றார் ஆழ்வான். ஏதேனும் கொண்டுவந்தாயோ என்றும் வினவினார். ஆழ்வான் அமுது செய்வதற்காகப் பொன்வட்டில் ஒன்று கொண்டுவந்ததாக ஆண்டாள் விண்ணப்பித்தார். அதனை வாங்கி அப்பால் எறிந்துவிட்டு, இனி அச்சமின்றி வரலாம் என்றார் ஆழ்வான்.

இவ்வரலாற்றைத் துறவின் பெருமைக்கு எடுத்துக்காட்டாகவே நாம் பலகாலும் சொல்லுகிறோம். ஆயினும் ஆண்டாளின் நிலையையும் சற்றே நோக்க வேண்டும். அவர் அவ்வட்டிலைத் தமக்கென எடுத்துவரவில்லை. கணவர் உண்ணும் வேளையில் குறையிருக்கலாகாது என்னும் பரிவே அவர் மடியில் இருந்தது. ஆயினும் அந்தப் பரிவுடன் அச்சமும் கூடவே வந்து அமர்ந்துகொண்டது. ஆழ்வான் எறிந்தது பரிவை அன்று. பரிவின்மேல் ஏறியிருந்த அச்சத்தையே.

அப்படியானால் குடும்பக் கடமையை என் செய்வது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு நஞ்சீயரின் சரிதத்தில் விடை உண்டு. பராசர பட்டரிடம் வாதில் தோற்ற வேதாந்தி, துறவு பூணுமுன் தம் செல்வத்தை மூன்று பங்காக்கினார். இரண்டு பங்குகளை இரு மனைவியருக்கும் அளித்து, எஞ்சிய பங்கை ஆசார்யனுக்கென எடுத்துக்கொண்டு புறப்பட்டார். துறவியாகப் போகிறவரே முதலில் கணக்கை நேர்செய்தார் என்பது காண்க. கடமைக்கு ஓர் அளவு உண்டு. அது கொடுத்தால் தீரும். அச்சத்துக்கோ அளவில்லை; எவ்வளவு சேர்த்தாலும் அது தீராது. நம் சேமிப்பு இவ்விரண்டில் எதற்கானது என்பதை அறிய இதுவே உரைகல்.

திருவரங்கத்தில் ஆழ்வான் உஞ்சவிருத்தியால் வாழ்ந்தார். மழையால் வெளியே செல்ல இயலாது உபவாசம் இருந்த ஒருநாள் இரவு, பெருமாள் அமுது செய்யும் மணியோசை கேட்டது. அடியவர் பட்டினி கிடக்கத் தேவரீர் அமுது செய்கின்றீரோ என்று ஆண்டாள் உள்ளத்தில் நினைத்தார். அந்த அளவிலே கோயிலிலிருந்து பிரசாதம் அவர்கள் இல்லம் தேடி வந்தது. பொன்வட்டில் கைவிட்டுப் போன பின்னும் அதைச் சுமந்த பரிவு வீணாகவில்லை; அதனைப் பெருமாள் தாமே ஏற்றுக்கொண்டார். சரணாகதியின் அங்கங்களில் ஒன்றான மஹாவிச்வாஸம் என்பதன் பொருள் அடியேனுக்கு இவ்விடத்தில்தான் விளங்குகிறது.

இல்லறத்தில் இருக்கும் நாம் ஆழ்வானாக இயலாது. ஆயினும் அவர் வழியில் சில பழக்கங்களைக் கைக்கொள்ளலாம். குடும்பத்துக்கும் முதுமைக்கும் வேண்டியது இவ்வளவு என்று ஒரு தொகையை, மனம் தெளிந்திருக்கும் நாளில், இல்லத்தாருடன் அமர்ந்து எழுதிவைத்துக்கொள்வது ஒன்று. வருவாய் உயரும்போதெல்லாம் அதனை உயர்த்தாதிருப்பதே இதில் கடினமானது. கொடுப்பதைக் கதவோசை கேளாதபடி கொடுப்பது மற்றொன்று. ரசீதில் பெயர் அச்சாவதில் குற்றமில்லை. அதனை நாமே இருமுறை படித்துப் பார்ப்பதில்தான் ஓசை எழுகிறது. நாள்தோறும் செய்தித்தாளையும் கைப்பேசியையும் தொடுமுன் சில பாசுரங்களை அநுஸந்திப்பது இன்னொன்று. திருவாய்மொழியின் 1102 பாசுரங்களையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டுவதில்லை. நாளுக்கு ஒரு பதிகம் என்றாலும் நூறு நாள்களில் நூறு பதிகங்களும் நிறைவெய்தும்.

இவை வாழ்வை எவ்வாறு நிறைக்கும்? அடியேன் வாழும் திருப்பத்தூரை அடுத்த ஜவ்வாது மலையில், காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. நகர விளக்குகள் எட்டாத இருள் வேண்டியே வானியலார் அம்மலைக்குச் சென்றனர். மங்கலான விண்மீனின் ஒளியை நாம் பெருக்க இயலாது. அதனை மறைக்கும் ஒளிகளிலிருந்து விலகி நிற்கத்தான் இயலும். எம்பெருமானின் அருளும் புதிதாக ஈட்டவேண்டிய பொருளன்று. என்றும் உள்ள அதனைக் காண ஒட்டாமல் நம் மடியில் மின்னுகிற பொன்வட்டில் எதுவென்று கண்டுகொள்வதே நம் பணி.

ஒவ்வொருவர் மடியிலும் ஒரு வட்டில் உண்டு. பெரும்பாலும் அது மிகுந்த அன்போடு எடுத்துவரப்பட்டதாகவே இருக்கும். அந்த அன்பை வைத்துக்கொண்டு வட்டிலை மட்டும் இறக்கிவைக்க ஆழ்வான் திருவடிகளே துணை.

அடியேன் ராமாநுஜ தாஸன்