மழித்த தலையும் துறந்த மனமும்

துறவு அகத்தே நிகழ்வதாயின், புறத்தே தலைமயிரை மழிப்பதன் தேவை யாது? மயிர் அழகுணர்வுக்கும் தன்முனைப்புக்கும் இடமானது. அதனைக் களைதல் அவற்றைக் களைதலின் குறியாகும் என்பதே மரபுவழி விடை. ஆயின், குறியே செருக்குக்கு இடமாவதும் உண்டு. உரோம மரபுக் குருமார் உச்சியை வட்டமாக மழித்தனர். ஐரிஷ் மரபினர் வேறு வடிவங் கொண்டனர். கி.பி. 664இல் இங்கிலாந்தின் விற்பி மடத்திற் கூடிய திருச்சபைப் பேரவையில், உயிர்த்த ஞாயிற்றைக் கணிக்கும் முறையோடு இவ்வேறுபாடும் சர்ச்சைக்குள்ளாயிற்று. பற்றறுத்தோர், பற்றறுத்தமைக்கான அடையாளத்தின் மீதே பற்றுக்கொண்டனர். கத்தோலிக்கத் திருச்சபையில் குருநிலை புகுவோருக்குரிய இச்சடங்கினைப் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1972இல் நீக்கினார். திருக்குறளின் 'கூடாவொழுக்கம்' என்னும் அதிகாரமும் கோலத்தினும் ஒழுக்கத்தையே முதன்மைப்படுத்துகின்றது.

அங்ஙனமாயின் மழித்தல் வெறுஞ் சடங்குதானோ? அவ்வாறு முடிவுசெய்தல் பொருந்தாது. பிக்குவின் தலைமயிர் இரண்டு மாதத்தையோ இரண்டு விரலளவையோ கடந்து வளர்தலைப் பௌத்த விநயம் விலக்குகின்றது. மழித்த மயிர் மீண்டும் வளரும். மீண்டும் மழிக்கப்படல் வேண்டும். ஆசையும் அத்தகையதே. ஒருநாளிற் செய்து முடிக்கத்தக்க செயலன்று துறவு என்பதை இவ்விதி உடலுக்கே உணர்த்துகின்றது. மேலும், அடையாளம் தாங்கியவனை உலகம் அவ்வடையாளத்தைக் கொண்டே அளப்பதும் நியாயமே. ஆதலின் மழித்த தலை, அதனைத் தாங்குவோன் தன் ஒழுக்கத்தால் நாள்தோறும் அடைத்துவரவேண்டிய கடனெனக் கொள்ளத்தக்கது.