இரவலா? அபகரிப்பா?

மீலாது மாதம் வந்தாலும், ரமலான் பிறந்தாலும், ஊரில் ஒரு நிக்காஹ் என்றாலும் நம் தெருக்களில் சவுக்குக் கம்புகள் வந்து இறங்கிவிடுகின்றன. பந்தல் எழும்புகிறது, மேடை அமைகிறது, கம்பத்துக்குக் கம்பம் சீரியல் விளக்குகள் தொங்குகின்றன, தெருமுனையில் அலங்கார வளைவு நிற்கிறது, ஒலிபெருக்கி பேசத் தொடங்குகிறது. இரண்டு நாள் கழித்து எல்லாம் கழற்றப்பட்டுவிடுகின்றன. தாற்காலிகமான ஏற்பாடுதானே என்று நாமும் அதைப் பற்றி அதிகம் சிந்திப்பதில்லை.

ஆனால், இந்த இரண்டு நாள் ஏற்பாட்டுக்குள் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது. காவல் நிலையத்திலும் நகராட்சியிலும் மின்வாரியத்திலும் மனுக் கொடுத்து அனுமதி பெறுவது வெறும் அலுவலகச் சடங்குதானா? அல்லது அதற்கும் நம் தீனுக்கும் தொடர்பு உண்டா? "நாம் செய்வது நல்ல காரியம், அல்லாஹ்வின் பூமியில் அல்லாஹ்வைப் பற்றிப் பேச எவரிடம் அனுமதி கேட்க வேண்டும்?" என்று சகோதரர்கள் சிலர் கேட்கிறார்கள். மார்க்கப் பற்றினால் எழும் கேள்விதான் இது. ஆயினும் மார்க்கத்தைக் கொண்டே இதற்குப் பதில் காண நாம் கடமைப்பட்டுள்ளோம்.

ஓர் ஈட்டி போதுமானதாக இருந்தது

திறந்த வெளியில் மக்கள் கூடுவதை மார்க்கம் வெறுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் இரு பெருநாள்களிலும் முஸல்லா எனும் திடலுக்குப் புறப்பட்டுச் சென்று தொழுவித்தார்கள். அங்கே அவர்களுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு என்ன? தொழுமிடத்துக்கு முன்னால் தடுப்பாக ஒரு சிறிய ஈட்டி நடப்பட்டது. திடலில் மிம்பர் எழுப்பியது பிற்காலத்தில், மர்வானின் ஆளுகையில்தான் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. தொழுகை முடிந்து ஈட்டியைப் பிடுங்கிவிட்டால் திடல் பழைய திடல்தான். எவருடைய வழியும் குறுகிப்போகவில்லை.

இனி இன்னொரு நிகழ்ச்சியைப் பாருங்கள். ஒரு படைப் பயணத்தில் தங்குமிடம் வந்ததும் மக்கள் இடத்தை நெருக்கடியாக்கி, வழியையும் அடைத்து இறங்கிவிட்டார்கள். இதை அறிந்த நபி (ஸல்) அவர்கள் ஓர் அறிவிப்பாளரை அனுப்பி, இடத்தை நெருக்கியவருக்கும் வழியை மறித்தவருக்கும் அந்தப் பயணத்தின் நன்மையே இல்லை என்ற கருத்தை எல்லோரும் கேட்கும்படி அறிவிக்கச் செய்தார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள இந்தச் செய்தியை நாம் ஒன்றுக்கு இருமுறை சிந்திக்க வேண்டும். புறப்பட்டவர்கள் ஸஹாபாக்கள். காரியமோ உயிரைப் பணயம் வைக்கும் காரியம். கூடாரமும் ஓரிரவுக்கானதுதான். இருந்தும் "நிய்யத்து நல்லது" என்ற சமாதானம் அங்கே ஏற்கப்படவில்லை. அல்லாஹ்வின் பாதையில் புறப்பட்டவர்களும் அடியார்களின் பாதையை அடைக்கலாகாது என்பதே நாம் பெறும் பாடம்.

கேட்டு வாங்கிய கவசங்கள்

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு. மக்கா வெற்றி கொள்ளப்பட்டுவிட்டது. அடுத்து ஹுனைன் போர். கவசங்கள் தேவைப்பட்டன. மக்காவின் பெருந்தனக்காரரான ஸஃப்வான் இப்னு உமையாவிடம் அவை இருந்தன. அவர் அன்று முஸ்லிமாகியிருக்கவில்லை. வென்ற படையின் தலைவர் தோற்ற ஊர்க்காரரிடம் எடுத்துக்கொள்ள நினைத்தால் தடுப்பார் எவருமில்லை. நபி (ஸல்) அவர்களோ கேட்டார்கள். "இது அபகரிப்பா?" என்று ஸஃப்வான் ஐயத்துடன் வினவியபோது, இல்லை, திருப்பித் தரும் பொறுப்பை ஏற்று வாங்கும் இரவல் என்று விடையளித்தார்கள். போருக்குப் பின் சில கவசங்கள் காணாமற்போனபோது ஈடு தரவும் முன்வந்தார்கள். அதற்குள் ஸஃப்வானின் உள்ளம் மாறியிருந்தது; ஈடு வேண்டாம் என்று கூறிவிட்டார்.

அபகரிப்பு, இரவல் - இரண்டிலும் பிறர் பொருள் நம் கைக்கு வருகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. கேட்பதும், காலத்தோடு திருப்புவதும், சேதத்துக்குப் பொறுப்பேற்பதுமே இவ்விரண்டையும் பிரிக்கின்றன. வீதியும் இப்படித்தான். அது நம் ஜமாஅத்துடைய வக்ஃபு சொத்து அல்ல. அதில் நடக்கும் கிழவிக்கும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும், தள்ளுவண்டிக்காரருக்கும், பிற சமயத்து அண்டை வீட்டாருக்கும் அதில் சரிசமமான பங்குண்டு. அத்தனை பங்காளிகளிடமும் தனித்தனியே போய்க் கேட்க நம்மால் இயலாது. அவர்கள் அனைவர் சார்பிலும் கேட்டுக்கொள்ளவும், நிபந்தனை விதிக்கவும் ஓர் அலுவலகம் இருக்கிறது. ஆதலின் அனுமதிச் சீட்டு என்பது நாம் எழுதிக் கொடுக்கும் இரவல் பத்திரமாகும். அதிலுள்ள நிபந்தனைகளை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்ட பின், உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு திருக்குர்ஆன் இட்ட கட்டளை (5:1) நம்மைக் கட்டுப்படுத்திவிடுகிறது.

நாம் இரவல் வாங்குவது எவற்றை?

முதலாவது, வழி. பந்தல் தெருவை முழுதும் விழுங்கிவிடாமல் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் நுழையும் அளவுக்கு இடம் விடவேண்டும். தார்ச்சாலையில் குழி தோண்டிக் கம்பு நடுவதைவிட, மணல் நிரப்பிய டிரம்மில் நட்டால் சாலை காயப்படாது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் அனுமதியின்றிச் சாலையில் வைத்த ஒரு திருமண விளம்பரப் பலகை சரிந்து, ஸ்கூட்டரில் சென்ற ஓர் இளம்பெண் லாரியில் அடிபட்டு உயிரிழந்தார். மகிழ்ச்சிக்காக வைத்த பலகை இன்னொரு வீட்டில் மரணத்தைக் கொண்டுவந்தது.

இரண்டாவது, தூக்கமும் அமைதியும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி எழுத்து மூலமான அனுமதியின்றி ஒலிபெருக்கி வைக்கலாகாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் அதைப் பயன்படுத்தக் கூடாது. விழா நாள்களில் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மேற்படக் கூடாது. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்படலாம். இவையெல்லாம் நமக்குப் புதியவையா? பள்ளியில் இஃதிகாஃப் இருந்த நபி (ஸல்) அவர்கள், சிலர் உரக்க ஓதுவதைக் கேட்டுத் திரையை விலக்கி, ஒருவருக்கொருவர் தொல்லை தரவேண்டாம் என்று தடுத்தார்கள். ஓதப்பட்டது குர்ஆன், ஓதிய இடம் பள்ளி. குர்ஆன் ஓதுதலுக்கே அங்கு அளவு இருந்ததென்றால், நம்முடைய சொற்பொழிவுக்கு இல்லையா? குழந்தையின் அழுகுரல் கேட்டதும் தொழுகையையே சுருக்கிக்கொண்ட நபியின் உம்மத்து நாம். பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்க முடியாமல் அழுவது நம் ஒலிபெருக்கிச் சத்தத்தில் நமக்கே கேட்பதில்லை என்பதுதான் வருத்தம்.

மூன்றாவது, உயிர்ப் பாதுகாப்பு. 1997 ஏப்ரல் 15 அன்று மினாவில் கூடாரங்கள் தீப்பற்றி 340-க்கும் மேற்பட்ட ஹாஜிகள் மறைந்தார்கள். சமையல் எரிவாயுவே அதற்குக் காரணமெனக் கூறப்பட்டது. அதன் பின்னரே தீப்பிடிக்காத கூடாரங்கள் அங்கே அமைக்கப்பட்டன. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தலில் தீப்பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பந்தல்களின் தீப் பாதுகாப்புக்கென்றே இந்தியத் தர நிர்ணய நிறுவனம் தனி விதிமுறை (ஐ.எஸ். 8758) வெளியிட்டிருக்கிறது. மின்கம்பிக்கு அடியில் பந்தல் போடுவதையும், எளிதில் உருகி எரியும் செயற்கை இழைத் துணியையும் கயிற்றையும் ஏன் தவிர்க்கச் சொல்கிறார்கள்? தீப்பிடித்த துணி உருகிக் கீழே இருப்பவர் மேல் சொட்டும் என்பதால்தான். நம் பெண்களும் பிள்ளைகளும் அமரும் பகுதிக்கு ஒரே வாசல் வைத்து, அதையும் திரையால் மூடிவிடும் வழக்கத்தை ஜமாஅத்தார் இனியாவது மாற்றவேண்டும்.

நான்காவது, மின்சாரம். தாற்காலிக இணைப்புக்கு மனுச் செய்து பணம் கட்டுவதற்குப் பதிலாக, தெருக் கம்பியில் கொக்கி போட்டு விளக்கெரிப்பதைச் சிலர் சாமர்த்தியம் என எண்ணுகிறார்கள். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி அது திருட்டு. மார்க்கப்படியும் அது திருட்டே. திருட்டு வெளிச்சத்தில் அமானிதத்தைப் பற்றிப் பயான் கேட்பதில் என்ன பயன்?

மூன்று சமாதானங்கள்

"மற்றவர்கள் கேட்டா செய்கிறார்கள்?" என்பது முதல் சமாதானம். மற்றவர் செய்யும் தவறு நமக்கு ஆதாரமாகுமா? மறுமையில் நம் ஏடு நம் கையில்தான் தரப்படும்.

"அனுமதி வாங்கிவிட்டோம், இனி எவரும் கேட்க முடியாது" என்பது இரண்டாவது. இது முதலாவதைவிட நுட்பமானது. அலுவலகம் அனுமதித்தது குறைந்தபட்ச எல்லை. அண்டை வீட்டாரின் ஹக்கு அதற்கு அப்பாலும் இருக்கிறது. எதிர்வீட்டில் ஒருவர் நோயாளியாகப் படுத்திருக்கிறார் என்பது அனுமதிச் சீட்டுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். பத்து மணி வரை அனுமதி இருந்தும், அவருக்காக ஒலிபெருக்கியை வேறு பக்கம் திருப்பி வைப்பதும், ஒன்பதுக்கே முடித்துக்கொள்வதும் சட்டம் கேட்காதவை, ஈமான் கேட்பவை.

"நியாயமின்றி அனுமதி மறுத்துவிட்டார்கள்" என்பது மூன்றாவது. இப்படியும் நடப்பதுண்டு, இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். அப்போது மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்கலாம், மேலதிகாரியிடம் முறையிடலாம், நீதிமன்றத்தையும் நாடலாம். உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டுமென்பது நம் கருத்தன்று. ஆனால், கோபத்தில் வீதியை மறித்துவிட்டால் துன்புறுபவர் மறுத்த அதிகாரி அல்லர். மருந்து வாங்கப் போகும் ஏழை. நமக்கு அநீதி செய்தவர் ஒருவர். நாம் அநீதி செய்வது இன்னொருவருக்கு. இதை எந்த நியாயத்தராசில் நிறுப்பது? கையூட்டுக் கொடுத்து நிபந்தனைகளை மறைக்கும் குறுக்கு வழியோ, கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்த வழியாகும்.

நல்ல செயலாயிற்றே என்று இன்னும் மனம் வாதிடுமானால், அபகரித்த நிலத்தில் தொழும் தொழுகை பற்றிய சட்டத்தை நினைவுகூர்வோம். கடமை நிறைவேறிவிடும், பாவமும் சேரும் என்கின்றனர் ஹனஃபீ, ஷாஃபிஈ இமாம்கள். ஹன்பலீ மத்ஹபின் பிரபலமான கருத்துப்படியோ தொழுகையே கூடாது. தொழுகையின் நிலை இதுவானால், மேடைப் பேச்சின் நிலை என்ன?

திருப்பிக் கொடுக்கும் வேளை

இரவல் வாங்கியவரின் நாணயம் வாங்கும்போது தெரிவதில்லை. திருப்பிக் கொடுக்கும்போதுதான் தெரியும். கூட்டம் கலைந்த மறுநாள் காலை அந்தத் தெருவைப் பாருங்கள். நட்ட குழிகள் மூடப்பட்டனவா? ஆணியும் கம்பியும் பொறுக்கப்பட்டனவா? எச்சில் இலைகளும் காகிதக் குவளைகளும் அகற்றப்பட்டனவா? வழியிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. நாமே போட்ட தொல்லையை நாமே அகற்றாமல் விட்டால் அந்தக் கிளையை வெட்டியவர்களாகிறோம்.

எனவே ஜமாஅத்து நிர்வாகிகளும், கல்யாண வீட்டுக்காரர்களும், விழாக் குழு இளைஞர்களும் பந்தல்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மனுவைக் கொடுங்கள். நிபந்தனைகளை மேடைப் பொறுப்பாளர், மைக் செட்காரர், மின் வேலை செய்பவர் ஆகியோருக்குப் படித்துக் காட்டுங்கள். சுற்றியுள்ள வீடுகளுக்கு, அவர்கள் எச்சமயத்தவராயினும், நேரில் சென்று சொல்லுங்கள். கழற்றும் நாளையும் சுத்தம் செய்யும் ஆள்களையும் முன்கூட்டியே குறித்துவிடுங்கள். இதற்கு ஆகும் செலவையும் மஜ்லிஸின் செலவாகவே கணக்கில் எழுதுங்கள்.

"இது அபகரிப்பா?" என்று அன்று ஸஃப்வான் கேட்ட கேள்வியை, நம் தெருவில் நடந்து போகும் ஒவ்வொருவரும் வாய்திறவாமல் நம்மிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரவல் என்று மனச்சாட்சியுடன் பதில் சொல்லக்கூடியவர்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.