சுவருக்குள் காற்று

திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில் வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது. பொருளாதாரம் படிப்பவர்களுக்கு அது கே.என்.ராஜ் தொடங்கிய நிறுவனம். எனக்கு அது கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் எழுப்பிய சுவர்கள். 1970களில் உருவான வளாகம். வெளிப்பூச்சு இல்லை, பெயிண்ட் இல்லை. சுட்ட செங்கலின் நிறமே கட்டடத்தின் நிறம்.

*

துளைச்சுவரின் முன்னால் நெடுநேரம் நிற்கலாம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு இடைவெளி, வரிசைக்கு வரிசை இடம் மாறி. ஜன்னல் என்றால் மரம், கம்பி, கண்ணாடி, ஆசாரி கூலி எல்லாம் வேண்டும். இங்கே செங்கல் போதும், அதுவும் குறைவாக. வெயில் பொடிப்பொடியாகித் தரையில் விழுகிறது, கண் கூசவில்லை. காற்று கேட்காமல் வந்து போகிறது. பூசாத சுவரில் வரிசை பிசகினால் மறைக்க வழியே கிடையாது. கொத்தனார் எவ்வளவு பொறுமையோடு வைத்திருக்கிறார்!

*

பேக்கர் பரப்பிய இன்னொரு முறைக்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிமிர்த்தி அடுக்குவது. ஒன்பது அங்குலச் சுவருக்குள் வெற்றிடங்கள் விழும். ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சமாகும்; அந்தச் செங்கலைச் சுடும் விறகும் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெளிச்சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். வைக்காமல் விட்ட கல்தான் அறைக்குக் குளிர்ச்சி தருகிறது. எனக்கு இது எத்தனை முறை யோசித்தாலும் வியப்பாகவே இருக்கிறது.

கூரையிலும் அதே யோசனை. தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்குள்ள கான்கிரீட் பெரும்பாலும் வெறும் பாரம். அதில் ஒரு பகுதியை நீக்கி மங்களூர் ஓடுகளைப் பதித்தார்.

*

வளாகத்தின் கணினி மையத்துக்குக் குளிர்சாதனம் தேவைப்பட்டது. பேக்கர் பிடிவாதம் பிடிக்கவில்லை. இரட்டைச் சுவர் வைத்தார். வெளியே வளைந்து செல்லும் துளைச்சுவர், உள்ளே அடைத்த சுவர். வெயிலின் வேகம் முதல் சுவரிலேயே தணிந்துவிடும். மிச்சத்தை மட்டும் இயந்திரம் பார்த்துக்கொண்டால் போதும்.

இன்று நகரங்களில் முழுக்கக் கண்ணாடி போர்த்திய அலுவலகங்கள் எழுகின்றன. வெயிலை உள்ளே அழைத்துவிட்டு, அதை வெளியே தள்ளப் பெரிய இயந்திரங்கள். அந்த இயந்திரம் சிக்கனமாக மின்சாரம் இழுத்தால் பசுமைக் கட்டடம் என்று பாராட்டுகிறோம். சிக்கனம் நல்லதுதான். ஆனால் வெயிலை ஏன் அழைத்தோம் என்ற கேள்வி அதற்கு முன்னால் வரவேண்டும்.

*

வளாகத்து நிலம் சரிவானது. மேட்டை வெட்டிச் சமப்படுத்தாமல் சரிவின் போக்கிலேயே கட்டடங்களை இறக்கியிருக்கிறார் பேக்கர். மரம் குறுக்கிட்ட இடத்தில் சுவரை வளைத்துக் கொண்டுபோனார். மனையில் நிற்பதையெல்லாம் மழித்துவிட்டு, கட்டி முடித்தபின் கன்றுகளை வரிசையாக நட்டுக் கணக்குக் காட்டுவதை நாம் நிறுத்த வேண்டும். அந்தக் கன்று நிழல் தரும் வயதுக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும்.