எண்ணும் பண்பும்

ஒரு பொருளின் சிறப்பு அதில் அளக்கக்கூடியதில் உள்ளதா, அளவுக்கு அகப்படாததில் உள்ளதா என்னும் வினா பழமையானது. அதனை மிகச் சிறிய பொருளொன்றின்மீது நிறுத்தி ஆராய விரும்புகின்றேன். கணினி விளையாட்டுக்கென விற்கப்படும் மவுஸே அப்பொருள். பல்கலைக்கழகச் சஞ்சிகையொன்றுக்கு இது தகுமோ என வினவுவோர், நம் விடுதிகளில் நள்ளிரவு கடந்தும் எழும் சொடுக்கொலியைக் கேட்டறியாதவராதல் வேண்டும்.

1964 இல் டக்ளஸ் எங்கல்பாட்டின் ஆய்வுகூடத்தில் உருவான முதல் மவுஸ், மரக்கூட்டினுள் இரு சில்லுகளைக் கொண்டது. இன்று அதன் அடியில் இருப்பது சிறியதொரு கமரா. அது மேசைப்பரப்பை இடைவிடாது படம்பிடிக்க, அடுத்தடுத்த படங்கள் ஒப்பிடப்பட்டு நகர்வு கணிக்கப்படுகின்றது. 1999 இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட ஒளியியல் மவுஸ் செக்கனுக்கு 1,500 படங்களை எடுத்தது. அக்காலத்து உணரிகள், கையை விரைந்து வீசினால் தடுமாறின. கை கேட்டதைக் கருவி கொடுக்க இயலாதிருந்த அந்நாளில், உணரியின் திறனை எண்ணாற் கூறியது வெறும் ஆரவாரமன்று.

இன்றோ தைவானின் பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்து உணரியொன்று அங்குலத்துக்கு 26,000 அலகுகள் என்னும் நுணுக்கத்தை எட்டியுள்ளது. இதன் பொருளைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். 1,920 புள்ளிகள் அகலமான திரையில், வேறு சீராக்கமின்றி இதனைப் பயன்படுத்தினால், கை இரண்டு மில்லிமீற்றர் நகருமுன்னரே குறி ஒரு கரையிலிருந்து மறுகரையை அடைந்துவிடும். ஏறத்தாழ ஒரு நெல்மணியின் தடிப்பு! இதனை ஆளவல்ல நடுக்கமற்ற விரல் மனிதர்க்கு வாய்க்கவில்லை. தேர்ந்த ஆட்டக்காரரும் பெரும்பாலும் 400 முதல் 1,600 வரையான அளவிலேயே ஆடுகின்றனர். எனினும் பெட்டியின்மீது பெரிதாக அச்சிடப்படுவது 26,000 என்பதே. அது பொய்யன்று. ஆயின் மெய்யைச் சொல்லியே ஒருவரை ஏமாற்றுதல் கூடுமா?

பெட்டி கூறாதவற்றை நோக்குவோம். கூட்டின் பிளாத்திக்கு அழுத்தத்தில் நெரிகின்றதா, மேற்பூசிய இறப்பர் ஈரக்காற்றிலும் வியர்வையிலும் பிசுபிசுத்துப் போகுமா, கம்பி கழுத்தில் முறியுமா என்பனவற்றை அது சொல்வதில்லை. கடலுக்கும் வயலுக்கும் நடுவே அமைந்த அட்டாளைச்சேனை போன்ற ஊரில் இவை அற்பமான வினாக்களல்ல. உப்புக்காற்று இங்கே கதவுப் பிணைச்சலையே விட்டுவைப்பதில்லை. சொடுக்கும் நுண்ணாளிக்கு மட்டும் 20 மில்லியன் அழுத்தங்கள் என்றோ 50 மில்லியன் என்றோ ஓர் எண் தரப்படுகின்றது. அது பரிசோதனைக் கூடத்தின் எண். தொடுகை உலோகத்தில் தேய்வும் ஒட்சைட்டுப் படலமும் சேர்ந்ததும், ஒருமுறை அழுத்தியதைக் கணினி இருமுறையாகக் கொள்ளத் தொடங்கும். இது அவ்வெண்ணை எட்டுவதற்கு நெடுங்காலம் முன்னரே நேர்தல் உண்டு. ஆகவே உறுதியையும் எண்ணாக மாற்றி அச்சிடுவதால் சிக்கல் தீர்ந்துவிடாது.

நமது மருதமுனைக் கைத்தறியை இங்கு ஒப்புநோக்கலாம். நூலுக்கும் இலக்கம் உண்டு. ஓர் இறாத்தல் பருத்தி நூலில் 840 யார் நீளமான கழிகள் எத்தனையோ, அதுவே அதன் இலக்கம். நூலின் மென்மையை அது பிழையின்றி உரைக்கும். சாயம் கரையுமா, நெசவு நெருக்கமானதா என்பதை உரையாது. ஆனால் நெய்தவர் அடுத்த ஊரில் இருந்தார். சாயம் போன சாறனைத் தோளிற் போட்டுக்கொண்டு அவர் வாசலுக்கே செல்லலாம். வாங்குமுன் அறியத்தக்க பண்புகள், பயன்படுத்திய பின்னரே அறியத்தக்க பண்புகள் என 1970 இல் பொருளியலாளர் பிலிப் நெல்சன் வகுத்துக் காட்டினார். தூரத்து உற்பத்தியாளர் முன்னையதிலேயே போட்டியிடுகின்றார். பின்னையது வெளிப்படும் வேளையில் உத்தரவாதக் காலமும் முடிந்திருக்கும்.

மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலினுள் நபிகளார் கையை விட்டுப் பார்த்து, ஈரமானதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வணிகரைக் கண்டித்த செய்தியை நாம் அறிவோம். மேலிருந்த காய்ந்த தானியமும் பொய்யன்று. உற்பத்தியாளர் எதையும் மறைக்கவில்லையே, பேசாதிருந்தார், அவ்வளவே என்பர் சிலர். ஓர் எண்ணையே முழுப்பொருளின் சான்றாக வாங்குபவர் கொள்வார் என அறிந்தும் அதனையே முன்வைப்பவரின் மௌனம் குற்றமற்றதாகாது என்பதே என் துணிபு. வாங்குவோர்க்கும் இதிற் பங்குண்டு. எண்களை ஒப்பிடுவதற்கு உழைப்புத் தேவையில்லை. இசட் புள்ளியால் தரம்பிரிக்கப்பட்டு இங்கு வந்து சேர்ந்த நாம் இதனை நன்கறிவோம்.

அண்மைக்காலத்தில் சில உற்பத்தியாளர் ஆளியைப் பற்றாசு பிடிக்காமல், வேண்டியபோது கழற்றி மாற்றத்தக்க குழியில் பொருத்துகின்றனர். தம் பொருள் தேயும் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர் இவர்களே. உணரியின் எண் சற்றுக் குறைந்தாலும், நான் வாங்குவதாயின் இதனையே வாங்குவேன்.