கன்ஹேரிக் குன்றில் கீறிய பெயர்



இம்மழைக்காலத்தில், சங்கத்து இளைஞர் சிலரோடு பம்பாயை அடுத்த கன்ஹேரிக் குன்றுக்கு மீண்டும் சென்றேன். முதன்முறை சென்றது 1988-இல். அப்பொழுது எனக்கு வயது 19. பஞ்சாலைக்கு விடுமுறை நாள். தறிக்கூடத் தோழரோடு போரிவிலி வரை இரயிலிற் போய்க் காட்டுவழியே நடந்தோம். குகைகள் எவருடையவை என்று நாங்கள் கேட்கவுமில்லை. நீண்ட கல்மேடைகள் இரண்டு கிடந்த மண்டபத்தில் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்து உண்டோம். பின்னர், தூண் ஒன்றில் என் பெயரை ஆணியாற் கீறினேன். புத்தர் பெருமானை அறியாத காலம் என்று சொல்லித் தப்பலாம். பிறர் வீட்டுச் சுவர் என்பதையாவது அறிந்திருந்தேன் அல்லவா?

நூற்றுக்கு மேற்பட்ட குகைகள் அங்குள்ளன. கி.மு. முதல் நூற்றாண்டு தொடங்கி ஏறத்தாழ 1000 ஆண்டுகள் பிக்குகள் வாழ்ந்த இடம். அவர்கள் பாறையில் வெட்டிய வாய்க்காலில் இன்றும் மழைநீர் இறங்குகிறது. நனைந்தபடியே வெகுநேரம் அதனைப் பார்த்து நின்றேன்.

கி.பி. 853-இல், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், கௌட நாட்டினின்று வந்த அவிக்நாகரன் என்னும் உபாசகன் 100 திரம்மக் காசு அளித்து, தியான அறைகளுக்கும் துறவியர் ஆடைக்கும் வழி செய்தான். அங்குள்ள கல்வெட்டு இதனைக் கூறுகின்றது.

ஆடை! பல்லாண்டு அறுந்த இழை முடிந்தவன் யான். அத்துணி எவர் உடலைச் சேர்ந்தது என்று ஒருநாளும் எண்ணினேனில்லை. கோசாம்பியில் ஆனந்தருக்கு 500 ஆடைகள் தானமாக வந்தபோது, இத்தனையும் எதற்கு என்று உதேனன் மன்னன் வினவினான். கந்தையுடுத்த பிக்குகளுக்குப் பகிர்வோம். பழையன விரிப்பாகும், பின் மிதியடியாகும், பின் தூசு துடைக்கும், இறுதியில் மண்ணோடு குழைந்து பூச்சாகும் என்றார் ஆனந்தர். கழிவுப்பஞ்சு மூட்டை சுமந்த எனக்கு இக்கதை நன்கு விளங்கும்.

தூண்தூணாகத் தேடினேன். எத்தனையோ பெயர்கள், என் பெயரின் முதலிரண்டு எழுத்துக்கள் மட்டும் அவற்றினிடையே தெரிந்தன. உடன்வந்த சிறுவனிடம் மறைக்காமற் சொன்னேன். "ஐயா, அவிக்நாகரனும் தம் பெயரை எழுதினாரே?" என்றான். கொடுத்துவிட்டு எழுதினான் அவன். உண்டுவிட்டு எழுதினேன் யான் என்றேன். அவன் சிரிக்கவில்லை.

கடின விழாவுக்குச் சீவரம் தர விரும்புவோர் பருத்தித் துணியாகவே தருக. பட்டு வேண்டா. துணியிற் பெயர் எழுதவும் வேண்டா.